முள்ளைக் கவ்விய முயல்

ஒரு காட்டில் செந்நாய்கள் வந்து இறங்கிய வருஷம் நடந்த கதை இது, பிள்ளைகளே. புலியாக இருந்தால் ஒன்றை அடித்துத் தின்றுவிட்டு நாலு நாள் நிழலில் படுத்துக்கொள்ளும், மற்றவர்கள் மூச்சு விடலாம். செந்நாய்க்கு அந்த நல்ல குணம் கிடையாது. கூட்டமாக வரும், சீழ்க்கை அடித்து ஒன்றையொன்று கூப்பிடும், சுற்றி வளைக்கும். அதுவும் தினம் தினம்.

அந்தக் காட்டில் செவியன் என்று ஒரு முயல் இருந்தான். பயந்த சுபாவம். தன் காது தன் முதுகில் பட்டாலே துள்ளி விழுவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வருஷம் அவன் பயத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவன் மனைவியைச் செந்நாய்கள் கொண்டுபோய்விட்டன. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகள் புல் மறைவில் அவனோடு மிச்சம் இருந்தன.

அவனுக்குத் துணை என்று இருந்தது சருகி ஒருத்திதான். அவள் சருகுமான். மான் என்றதும் பெரிய கொம்பும் துள்ளலும் நினைத்துக்கொள்ளாதீர்கள். முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, ஈர்க்குச்சி போன்ற கால், அவ்வளவுதான். செவியன் மேயப் போகும்போது குட்டிகளுக்கு அவள் காவல் இருப்பாள். குட்டிகள் அவளை அத்தை என்று கூப்பிடும். செவியனை அவள் அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலையில் ஓடைக்கரையில் எல்லா மிருகங்களும் கூடின. செந்நாயை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்களே தவிர யாரும் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது முள்ளாண்டி முன்னால் வந்தான். முள்ளம்பன்றி. தன் முதுகைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆசாமி. நடக்கும்போதே கலகலவென்று சத்தம் வர வேண்டும் என்று உடம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டி நடப்பான்.

"என்கிட்ட எந்த நாயாவது வாலாட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றான். "ஏன் வரல? முதுகுல முள்ளு இருக்கு. உங்ககிட்ட இல்ல. அவ்வளவுதான் விஷயம். என் பொந்துல உதிர்ந்த முள்ளு குவிஞ்சு கிடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. வாயில கவ்விக்கிட்டு நில்லுங்க. எந்த நாய் வருதுன்னு பாத்துடலாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காட்டுப்பன்றி உறுமியது. அதற்குத் தடியன் என்று பேர். எதற்கெடுத்தாலும் உறுமிவிட்டுத்தான் பேசும்.

"கண்டவனெல்லாம் ஆயுதம் தூக்கினா காடு காடா இருக்குமா? முயலும் எலியும் முள்ளைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா நாங்க எந்த வழியா நடக்கிறது?"

செவியன் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசியதே இல்லை. இருந்தாலும் பேசினான்.

"தடியண்ணே, உங்க வாயிலயே வளைஞ்சு நீட்டிக்கிட்டு ரெண்டு பல்லு இருக்கு. பிறக்கும்போதே உங்களுக்கு அது கிடைச்சுது. எனக்குக் கிடைச்சது ரெண்டு காது. அதை வச்சு நாய் வர்றதைக் கேக்கலாம். கேட்டு என்ன பண்றது? என் பொண்டாட்டியும் கேட்டுட்டுத்தான் செத்தா. உங்க பல்லைக் கழட்டி வச்சுட்டு வந்து, அப்புறம் எனக்கு முள்ளு வேணாம்னு சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

தடியன் உறுமாமலே உட்கார்ந்துவிட்டது. அது லேசில் நடக்கிற காரியமா என்ன. கூட்டம் செவியன் பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்த ஓடைக்கரை மருதமரத்தில்தான் மந்தியக்கா இருந்தாள். காட்டுக்கே அவள்தான் கண். உச்சிக் கிளையில் உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். எதையும் பார்க்காமல் சொல்ல மாட்டாள்.

அவள் கீழே இறங்கி வந்து செவியனிடம் ஒரு முள்ளை நீட்டினாள். "இந்தா, கவ்விக்க. கவ்விட்டியா? சரி, உன் பக்கத்துல நிக்கிறது யாரு, சொல்லு."

செவியன் சொல்லிப் பார்த்தான். "ம்ம்... ம்ம்..." என்றுதான் வந்தது.

கூட்டம் சிரித்தது. மந்தியக்கா சிரிக்கவில்லை.

"சிரிப்பு இருக்கட்டும். புல்லு அசையுது. வர்றது நாயா, நம்ம ஆளான்னு தெரியல. வாயில முள்ளு இருந்தா யாருன்னு கேக்க முடியாது. கேக்காம எப்படிக் குத்துவீங்க? அதனால நமக்குள்ள ஒரு கட்டுப்பாடு, ஒரு முறை வச்சுக்குவோம். முள்ளைக் காலடியில போட்டுக்கிட்டு நில்லுங்க. சத்தம் கேட்டா முதல்ல 'யாரது'ன்னு குரல் கொடுங்க. நம்ம ஆளா இருந்தா பதில் வரும். வரலேன்னா, அப்புறம் முள்ளை எடுங்க."

"கேட்டுக்கிட்டே நின்னா நாய் சும்மா இருக்குமா?" என்றான் முள்ளாண்டி. தன் முள்ளுக்கு ஒருத்தி கட்டுப்பாடு போடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இருக்காதுதான்," என்றாள் மந்தியக்கா. "இருந்தாலும் கேக்கணும்."

அரை மனதோடு எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு முள் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். சருகி மட்டும் எடுக்கவில்லை.

"எனக்கு எதுக்குண்ணே? அசையாம நின்னா சருகுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை" என்றாள்.

சில நாள் கழித்து, வெயில் இறங்கும் நேரத்தில், செவியன் வீட்டுப் பக்கம் புல் அசைந்தது. குட்டிகள் அவன் பின்னால் ஒடுங்கின. முள் காலடியில் கிடந்தது. செவியன் முறை தவறவில்லை. கேட்டான்.

"யாரது?"

பதில் இல்லை. செவியன் குனிந்தான். பல்லில் முள் ஏறுவதற்குள் செந்நாய் பாய்ந்துவிட்டது. அவன் இடது காது அதன் வாயில் போய்விட்டது. வலி உச்சிக்கு ஏறியது. தட்டுத் தடுமாறி முள்ளைக் கவ்வினான், கண்ணை மூடிக்கொண்டு ஒரே குத்து. அது நாயின் மூக்கில் இறங்கியது. நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியே போனது.

முள் அவனைக் காப்பாற்றியது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குட்டிகள் உயிரோடு இருந்தன. ஆனால் காது பாதிதான் இருந்தது.

வலி அடங்குவதற்குள் அவனுக்குள் வேறொன்று ஏறிவிட்டது, பிள்ளைகளே. கோபம். பயந்தவனுக்குக் கோபம் வந்தால் அவனுக்கே அவன் புதிதாகத் தெரிவான், அது ஒரு ருசி. மறுநாள் அவனே கூட்டத்தைக் கூட்டினான்.

"பாருங்க," என்று கிழிந்த காதைக் காட்டினான். "யாரதுன்னு கேட்டேன். அதுக்குக் கிடைச்ச பதில் இது. அந்த ஒரு கேள்வி கேக்கிற நேரத்துல என் பிள்ளைங்க அநாதையாகி இருக்கும். கேள்வி நல்லாத்தான் இருக்கு, மரத்து மேல உக்காந்து கேக்கிறவங்களுக்கு."

மந்தியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். "காது போனது எனக்கும் வருத்தம்தான், செவியா. ஆனா கேக்காம குத்தினா, யாரைக் குத்தினோம்னு குத்தின பிறகுதான் தெரியும்."

"தெரியாம என்ன? நம்ம ஆளுங்க நடை எனக்குத் தெரியாதா? மிச்சம் ஒரு காது இருக்கே."

"அப்படிப் போடு," என்றான் முள்ளாண்டி. "காதுன்னா அது காது."

தடியன்கூட இந்த முறை செவியன் பக்கம் பேசியது. "நான் யாரைக் கேட்டு முட்டறேன்? முட்டிட்டுத்தான் கேக்கறது," என்று உறுமியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். மந்தியக்கா வைத்த முறை அன்றோடு ஒழிந்தது. இனிமேல் முள் வாயில்தான் இருக்கும், கேள்வி கிடையாது என்று முடிவானது.

கூட்டம் முடிந்து திரும்பும்போது செவியன் சருகியைப் பிடித்துக்கொண்டான்.

"நீயும் ஒண்ணு வச்சுக்க, தங்கச்சி."

"வேணாம்ணே. அதை வாயில வச்சா எனக்கு மூச்சே முட்டுது."

"உனக்காகச் சொல்லல. என் பிள்ளைங்களைப் பாத்துக்கிறவ வெறும் வாயோட நிக்கலாமா? அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

குட்டிகள் பேரைச் சொன்னதும் சருகியால் மறுக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டாள். அவள் வாய்க்கு அது ரொம்பப் பெரிய முள். கவ்விக்கொண்டு நடந்தால் இரண்டு பக்கமும் செடிகளில் தட்டும்.

அதற்குப் பிறகு அந்தக் காடு மாறிப்போனது. முன்பெல்லாம் எதிரெதிரே வந்தால் "எங்கே போறீங்க, சாப்பிட்டாச்சா" என்று விசாரிப்பார்கள். இப்போது வாய் காலி இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துவிட்டு, ஒதுங்கி, பின்பக்கமாகவே நடந்து போனார்கள். பட்சிகள் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுச் சத்தமே இல்லை. முள்ளாண்டிக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. எங்கே பார்த்தாலும் தன் முள்ளாக இருந்ததல்லவா.

செவியன் தூங்கும்போதும் முள்ளை விடவில்லை. குட்டிகள் ஏதாவது கேட்டால் "ம்ம்" என்பான். அவை கேட்பதைக் குறைத்துக்கொண்டன. சருகி வருவது மட்டும் அவனுக்கு எப்போதும் தெரியும். சருகின்மேல் மழைத்துளி சொட்டுவது போல மெல்ல வருவாள், நிற்பாள், மறுபடி வருவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவன் பல் சற்றுத் தளரும்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை. மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி, தன் மூக்கு தனக்கே தெரியாது. மந்தியக்கா மருதமரத்தின் உச்சியில் பனிக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஒன்றைப் பார்த்தாள். மலைச்சரிவில் செந்நாய்கள் வரிசையாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன. குட்டி நாய்களையும் கூட்டிக்கொண்டு போயின. கடைசி நாய் மலை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் வரை அவள் பேசவில்லை. தாண்டிய பிறகுதான் பனிக்குள் கீழே இறங்கி வந்தாள். மரத்தடியில் சருகி தளிர் கடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் முள் கிடந்தது.

"சருகி, நாய்ங்க போயிடுச்சு. மலைக்கு அந்தப் பக்கம். குட்டியும் குடும்பமுமா குடிபெயர்ந்து போகுது."

சருகிக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவா அக்கா?"

"என் கண்ணால பாத்தேன். நீ போயி செவியன்கிட்ட முதல்ல சொல்லு. பாவம், அவன்தான் தூங்கி எத்தனை நாளாச்சோ."

சருகி நாலடி வைத்தாள். பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள். முள் அங்கேயே கிடந்தது. இனி எதற்கு இது? அண்ணனிடமே கொடுத்துவிடலாம், இதோ உங்கள் முள் என்று அவர் முன்னால் போட்டுவிட்டுச் செய்தியைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவளுக்கு அந்த எண்ணமே இனித்தது. முள்ளைக் கவ்விக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் மெல்ல நடக்கவில்லை. எதற்கு மெல்ல நடக்க வேண்டும்? நாய்தான் போய்விட்டதே. பயம் வந்த நாளிலிருந்து ஓடாத ஓட்டம் ஓடினாள். துள்ளினாள். முள் இரண்டு பக்கமும் புல்லில் அடித்துக்கொண்டு போனது.

செவியன் அந்தச் சத்தத்தைக் கேட்டான். ஒரு காதால்தான் கேட்டான். எதுவோ பாய்ந்து வருகிறது. புல் முறிகிறது. இது அவனுக்குத் தெரிந்த யாருடைய நடையும் இல்லை. நாய்தான். மூக்கில் குத்து வாங்கியது வஞ்சம் வைத்து வருகிறது.

அவன் குட்டிகளைப் புல் மறைவுக்குள் தள்ளிவிட்டு, அவை கண்ணில் படாத தூரத்துக்குச் சத்தம் வந்த பக்கமாக ஓடினான். யாரது என்ற கேள்வி அவன் தொண்டை வரை வந்தது, பிள்ளைகளே. வராமல் இல்லை. வாயில் முள் இருந்தது.

எதிரே ஓடி வந்தவளுக்கும் செவியனின் கலங்கலான உருவம் தெரிந்தது. அண்ணே என்று கூப்பிட நினைத்தாள். அவள் வாயிலும் முள் இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு நிழலும் அதன் முகத்தில் நீட்டிய ஒரு முள்ளும் வந்ததை மட்டும் செவியன் கண்டான். கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். நன்றாகவே குத்தினான். இத்தனை நாள் பழகியிருந்தான் அல்லவா.

எதிரே இருந்தது விழுந்தது. அதன் வாயிலிருந்து முள் உருண்டு வந்து அவன் காலில் இடித்தது. அப்போதுதான் அதற்குப் பேச வாய் கிடைத்தது.

"நான்தாண்ணே," என்றாள் சருகி.

செவியன் வாயைத் திறந்தான். அவன் முள்ளும் விழுந்தது.

"நாய்ங்க போயிடுச்சுண்ணே. மலையைத் தாண்டிப் போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். பிள்ளைங்க இனிமே வெளியில விளையாடலாம்."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. செவியன் அவள் கழுத்தில் தன் முகத்தை வைத்து அழுத்தினான். தங்கச்சி, தங்கச்சி என்று எத்தனையோ தடவை கூப்பிட்டான். பனி விலகி வெயில் வந்தபோதும் அவன் அங்கேயேதான் இருந்தான். வழக்கம்போல அவள் அசையாமல் கிடந்தாள், சருகுக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஓடைக்கரையில் மறுபடி கூட்டம் கூடியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"முள்ளு என்னோடதுதான்," என்றான் முள்ளாண்டி. அவன் உடம்பு ஆடவில்லை, சத்தமும் வரவில்லை. "ஆனா நான் நாயைக் குத்தத்தானே கொடுத்தேன்."

"எல்லா முள்ளையும் பிடுங்கி ஓடையில போடணும்," என்று உறுமியது தடியன். "சின்னதுங்க வாயில ஆயுதத்தைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னிக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க," என்றாள் மந்தியக்கா. "அப்புறம், முட்டிட்டுத்தான் கேக்கறதுன்னும் சொன்னீங்க. அன்னிக்கு எல்லாரும் கத்தினதுல உங்க சத்தம்தான் பெருசா இருந்துச்சு."

தடியன் தலையைத் தொங்கப் போட்டது.

எல்லோரும் செவியனைப் பார்த்தார்கள். அவன் தன் முள்ளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அந்தக் காட்டில் முள் வேண்டாம் என்று சொல்ல அவனைவிட நியாயம் உள்ளவர் யாரும் இல்லை. அவன் அப்படிச் சொல்வான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"இன்னிக்குப் போன நாய் நாளைக்கு வரும்," என்றான் செவியன். "என் பிள்ளைங்களுக்கு அப்பவும் என்னை விட்டா யாரும் இல்ல. முள்ளே வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. தேவைப்படறவங்க வச்சுக்கட்டும். ஆனா அக்கா சொன்ன முறை திரும்ப வரணும். முள்ளு காலடியில இருக்கணும். யாரதுன்னு கேக்கணும். பல்லு இருக்கிறவரும் கேக்கணும், முள்ளு இருக்கிறவனும் கேக்கணும். கேக்காம எடுத்தவன்கிட்ட அப்புறம் முள்ளு இருக்கக் கூடாது. முதல்ல என்கிட்ட இருந்து எடுத்துக்குங்க."

"கேக்கிற நேரத்துல நாய் கடிச்சா?" என்று கூட்டத்தில் யாரோ மெல்லக் கேட்டார்கள்.

செவியன் தன் பாதிக் காதைத் தடவிக்கொண்டான்.

"கடிச்சா ஆறிடும்," என்றான். "இது ஆறிடுச்சு, பாருங்க."

ஒவ்வொருவராக முள்ளைக் காலடியில் வைத்தார்கள். தடியனும் தலையாட்டியது. மந்தியக்கா நடுவில் கிடந்த முள்ளை எடுத்துக்கொண்டு மரம் ஏறினாள்.

செவியன் வீட்டுக்குத் திரும்பினான். நாய் போன செய்தி கேட்டு அவன் குட்டிகள் வெட்ட வெளியில் வந்து வெயிலில் உருண்டு புரண்டுகொண்டு இருந்தன. அப்பாவைக் கண்டதும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன.

"அப்பா, அத்தை ஏன் இன்னும் வரல? எப்ப வருவாங்க?"

செவியன் வாயில் முள் இல்லை. ஆனாலும் அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

நீதி: தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் எடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் அதை ஓங்கும் உரிமை யாருக்கும் இல்லை.